ஊர் வரலாற்றை ஒலியாகச் சொல்லுதல்: வாசகர் கேள்வி – பதில்

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பல ஒரே செய்தியைப் பற்றியவை. பள்ளி ஆசிரியர்களும் இளைஞர் மன்றத்தினரும் தங்கள் ஊரின் பழமையையும் அகழாய்வுச் செய்திகளையும் ஒலிப்பதிவாக்கிப் பகிர விரும்புகிறார்கள். அந்தக் கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: அழகன்குளம் அகழாய்வு பற்றி மாணவர்களைக் கொண்டு ஒலித்தொடர் ஒன்று தயாரிக்கிறோம். படமே காட்டாமல் பானையோட்டையும் நாணயத்தையும் எப்படி விளக்குவது? கேட்பவர்களுக்குச் சலிப்புத் தட்டிவிடுமோ என்று அஞ்சுகிறோம்.
(ஆசிரியர், அழகன்குளம் அருகிலிருந்து)

வைகை கடலில் கலக்கும் இடத்தை ஒட்டியுள்ள அழகன்குளத்தின் கோட்டைமேட்டில், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1986-87 முதல் பல பருவங்களாக அகழாய்வு செய்திருக்கிறது. தமிழி (தமிழ் பிராமி) எழுத்துப் பொறித்த ஓடுகள், ஆம்போரா என்னும் இரு கைப்பிடிச் சாடிகளின் துண்டுகள், கி.பி. 4-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த ரோமானிய நாணயங்கள், கப்பல் உருவம் கீறிய ஓடு என்று கிடைத்தவற்றின் பட்டியல் நீளமானது. அந்தப் பட்டியலை அப்படியே வாசித்தால் சலிப்புத் தட்டத்தான் செய்யும். ஆகவே ஒரு பகுதிக்கு ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே எமது முதல் யோசனை.

எடுத்துக்கொண்ட பொருளை முதலில் கைக்கும் விரலுக்கும் புரிய வையுங்கள். பெயரைப் பிறகு சொல்லலாம். ரௌலட்டட் என்று தொல்லியலாளர் அழைக்கும் மட்கலத்தின் துண்டு ஒன்றை இப்படிச் சொல்லலாம்: “உள்ளங்கையை விரியுங்கள். அதில் பாதியை மறைக்கும் அளவுக்குக் கறுப்பு ஓடு ஒன்று. களிமண்ணை அவ்வளவு நன்றாக அரித்திருக்கிறார்கள். உடைந்த விளிம்பைத் தடவினால் மணல் நெருடவில்லை. தட்டின் உட்பக்க அடியில் விரலை வைத்தால், எள்ளைவிடச் சிறிய குழிகள் வரிசையாக வட்டம் போட்டுக்கொண்டு ஓடுகின்றன. ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம்.” இவ்வளவும் சொன்ன பிறகு பெயரைச் சொன்னால், கேட்பவர் அதை மறக்கமாட்டார்.

இதே ஓட்டில் மாணவர்கள் அறிய வேண்டிய ஒரு வரலாறும் இருக்கிறது. 1945-இல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் அகழாய்வு செய்த ஆங்கிலேயத் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் இவ்வகைத் தட்டுகளை மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து வந்தவை என்று கருதினார். பிற்காலத்தில் களிமண்ணைப் பகுப்பாய்வு செய்தவர்கள் இவை இந்தியாவிலேயே வனையப்பட்டவை என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆகவே பழைய நூல்களில் உள்ளபடி ‘ரோமானியத் தட்டு’ என்று பதிவிட்டுவிட வேண்டாம். ஒரு முடிவு எப்படி மாறியது என்பதையே தொடரின் ஒரு பகுதியாக்கினால், தொல்லியல் எப்படிச் சிந்திக்கிறது என்பது பிள்ளைகளுக்கு விளங்கும்.

பொருள் அகழாய்வுக் குழியின் மண்ணடுக்கில் கிடைத்ததா, மேற்பரப்பில் பொறுக்கியதா என்பதையும் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். மண்ணடுக்கில் கிடைத்த ஓட்டுக்குத் தனக்கு மேலும் கீழும் உள்ளவற்றை வைத்துக் காலம் கணிக்கலாம். மழையில் உருண்டு வந்த ஓட்டுக்கு அந்தச் சாட்சி இல்லை.

கேள்வி: என் அப்பத்தா தனுஷ்கோடியில் வாழ்ந்தவர். புயலைப் பற்றி அவர் சொல்வதைப் பதிவு செய்தேன். பாம்பன் பாலம் உடைந்தபின் ரயிலே வரவில்லை என்று உறுதியாகச் சொல்கிறார். பாலத்தை 46 நாட்களில் சரி செய்ததாக நான் படித்திருக்கிறேன். அந்த இடத்தை வெட்டிவிடலாமா?
(கல்லூரி மாணவி, பாம்பன்)

வெட்ட வேண்டாம், தங்கையே. உங்கள் அப்பத்தா சொன்னதையும் நீங்கள் படித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி அடித்த புயலில் பாம்பன் பாலத்தின் பெரும்பாலான இரும்புத் தூலங்கள் கடலுக்குள் போயின, பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் அவற்றை மீட்டு 46 நாட்களில் பாலத்தைச் சீராக்கியது உண்மைதான். ஆனால் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற தண்டவாளம் மறுபடியும் போடப்படவே இல்லை. தனுஷ்கோடியில் வீடு வைத்திருந்த ஒருவர் ‘ரயில் வரவில்லை’ என்று சொல்வது அவருடைய ஊரைப் பொறுத்தவரை துல்லியமான சாட்சியம். எழுத்து ஆவணம் பாலத்தைப் பற்றிப் பேசுகிறது. அவர் தம் நிலையத்தைப் பற்றிப் பேசுகிறார்.

முதியவர் சொல்வது நாம் படித்ததோடு முரண்படும்போது, குறுக்கே திருத்தாமல் அடுத்த கேள்வியை இன்னும் நெருக்கமாகக் கேட்க வேண்டும். “புயல் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால், பல முறை பலரிடம் சொல்லிப் பழகிய கதைதான் வரும். “அப்பத்தா, அன்னைக்கு ராத்திரி அடுப்புல என்ன இருந்துச்சு? யார் முதல்ல தண்ணியைப் பாத்தது? எந்தப் பக்கம் ஓடுனீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். நினைவு அங்கிருந்து வேறு வழியில் திறக்கும். அவர் பேச்சை நிறுத்தினால், நீங்களும் சற்று நேரம் பேசாமல் இருங்கள். ‘ம், ம்’ என்று ஒலி எழுப்புவதற்குப் பதிலாகத் தலையை அசையுங்கள். அந்த ஒலி பதிவில் அவர் குரலின் மேல் விழுந்து கெடுக்கும்.

ஆண்டுக் கணக்கை அவரிடம் எண்ணாகக் கேட்பதைவிட நிகழ்வோடு சேர்த்துக் கேட்பது நல்லது. புயலுக்கு முன்பா பின்பா, கலியாணத்துக்கு முன்பா, தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலமா, 2004 சுனாமிக்குப் பிறகா என்று கேட்டால் வரிசை தானே கிடைத்துவிடும். வெளியிடும் பதிப்பில் உங்கள் குரலில் தனியாக ஒரு விளக்கம் சேர்க்கலாம். அவருடைய குரலை மட்டும் தொடாதீர்கள். முழுப் பதிவு ஒன்று வெட்டாமல் இருக்கட்டும். சுருக்கிய பதிப்பு அதிலிருந்து எடுத்த நகலாக இருக்கட்டும்.

ஒன்றைத் தயக்கமின்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் புயலின்போது பத்து வயதாக இருந்தவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அந்த இரவைக் கண்ணால் கண்டவர்களிடம் கேட்பதற்கு நமக்கு இருக்கும் காலம் குறைவு. கல்வெட்டு இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்கும். உங்கள் மன்றத்தில் எதை முதலில் செய்வது என்ற விவாதம் வந்தால், முதியோரிடம் முதலில் போங்கள்.

கேள்வி: கைபேசியே போதுமா? மண்டபத்துக் காற்றில் எதைப் பதிவு செய்தாலும் இரைச்சல்தான் கேட்கிறது.
(இளைஞர் மன்றச் செயலாளர், மண்டபம்)

தொடக்கத்துக்குக் கைபேசி போதும். ஆனால் கடற்கரையில் நின்று பேட்டி எடுக்காதீர்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எந்தக் கருவியும் அந்த இரைச்சலைத் தாங்காது. வீட்டுக்குள், மெத்தை, சேலை, கொடியில் துணி என்று ஏதாவது இருக்கும் சிறிய அறையில் உட்கார்ந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, பேசுபவரின் வாயிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் தொலைவில், சற்றே பக்கவாட்டில் கருவியை வையுங்கள். சட்டையில் குத்தும் சிறு மைக் ஒன்று வாங்க முடிந்தால், அதற்குரிய பஞ்சு உறையையும் சேர்த்து வாங்குங்கள். அலையோசை வேண்டுமானால் அதைத் தனியே ஓரிரு நிமிடம் பதிவு செய்து பிறகு சேர்க்கலாம். பேச்சோடு கலந்துவிட்ட அலையோசையைக் குரல் கெடாமல் பிரிப்பது கடினம்.

பதிவைச் சுருக்கப்படாத வேவ் வடிவில் எடுங்கள். ஒலி ஆவணக் காப்பகங்கள் பின்பற்றும் அளவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒரே தடத்தில் ஒரு மணி நேரப் பேச்சு அந்த அளவில் சுமார் 500 எம்பி இடம் பிடிக்கும். கேட்பவர்களுக்கு அனுப்பும் நகலை எம்பி3 ஆக மாற்றி, 64 கேபிபிஎஸ் அளவில் வைத்தால், இருபது நிமிடப் பகுதி 10 எம்பிக்குள் அடங்கிவிடும். படகில் இருக்கும்போதும் இறக்கிக் கேட்கலாம். மூலப் பதிவை வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பிச் சேமிக்காதீர்கள். அது ஒலியை நசுக்கிவிடும். இழந்ததை மீட்க முடியாது.

கேள்வி: கீழக்கரையில் சீதக்காதி வள்ளலின் கதையை ஒலிநாடகமாகச் செய்கிறோம். இறந்த பிறகும் மோதிரம் கொடுத்த நிகழ்ச்சியைச் சேர்க்கலாமா? ஆய்வாளர்கள் குறை சொல்வார்களா?
(வாசகர், கீழக்கரை)

சேர்க்கத்தான் வேண்டும். ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்பது தமிழ் பேசும் எல்லா ஊர்களிலும் வழங்கும் பழமொழி; அதன் பின்னணிக் கதையைக் கீழக்கரைக் குரலில் கேட்பது பெரும் பேறு. கவனிக்க வேண்டியது வேறொன்று. அச்சில் சந்தேகமான இடத்துக்கு அடிக்குறிப்பு இடலாம். ஒலியில் அடிக்குறிப்பு இல்லை. ஒரே குரல், ஒரே தொனியில் கதையையும் வரலாற்றையும் சொன்னால், கேட்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே மனத்தில் தங்கும்.

ஆகவே குரல்களைப் பிரியுங்கள். மோதிரக் கதையை ஊர்ப் பெரியவர் ஒருவர் தம் வழக்கில் சொல்லட்டும். வேறொரு குரல், ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர் என்ற இயற்பெயர் கொண்ட அந்த வள்ளல் 17-ஆம் நூற்றாண்டின் வணிகப் பெருமகன் என்பதையும், இராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் காலத்தில் வாழ்ந்தவர் என்பதையும், படிக்காசுப் புலவர் அவரைப் பாடியிருப்பதையும் சொல்லட்டும். உமறுப்புலவர் சீறாப்புராணத்தைப் பாட இவர் ஆதரவளித்தார் என்ற வழக்கையும் அங்கே சொல்லலாம். எந்தக் குரல் எதற்கு என்று முதல் பகுதியிலேயே அறிவித்துவிட்டால், பத்தாவது பகுதியில்கூடக் குழப்பம் வராது. தேவிபட்டினத்து நவபாஷாணம், சேதுக்கரை பற்றிய நம்பிக்கைகளைப் பதிவு செய்பவர்களுக்கும் இதே வழி பொருந்தும். நம்புகிறவரின் சொல்லை மதிப்போடு முழுமையாகக் கேட்கச் செய்யுங்கள். அதை அகழாய்வு முடிவுபோல அறிவிக்காதீர்கள்.

கேள்வி: சங்கப் பாடல்கள் புகழும் தொண்டி எங்கள் ஊர்தான் என்று முதல் பகுதியைத் தொடங்கலாமா?
(வாசகர், தொண்டி)

வேண்டாம். சங்கப் பாடல்களில் பெரிதும் பாடப்படும் தொண்டி, சேரருக்குரிய மேலைக் கடற்கரைப் பட்டினம். உங்கள் தொண்டி பாண்டிய நாட்டுக் கீழைக் கடற்கரையில், தனக்கே உரிய நீண்ட வணிக வரலாறு கொண்ட துறைமுகம். இன்னொரு ஊரின் புகழை எடுத்துக்கொள்ள வேண்டிய தேவை அதற்கு இல்லை.

கேள்வி: திருப்புல்லாணி போன்ற கோயில்களின் கல்வெட்டுகளை அப்படியே வாசித்துப் பதிவிடலாமா?
(வாசகி, இராமநாதபுரம்)

வாசிக்கலாம், ஆனால் தனியாக அது யாருக்கும் பயன்படாது. கல்வெட்டில் நிறுத்தக் குறிகள் கிடையா. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இராது. பதிப்பிக்கப்பட்ட பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு தொடரை நிதானமாக வாசியுங்கள். உடனே அதன் பொருளை இன்றைய தமிழில் சொல்லுங்கள். பிறகு அடுத்த தொடருக்குச் செல்லுங்கள். சேதுபதிகளின் செப்பேடுகளில் வரும் சக ஆண்டோடு 78-ஐக் கூட்டினால் பெரும்பாலும் கி.பி. ஆண்டு கிடைக்கும். பாண்டியர் கல்வெட்டுகளில் ஆட்சியாண்டு மட்டும் இருக்கும் இடங்களில் அவசரப்படாதீர்கள். சுந்தரபாண்டியன், குலசேகரன் என்ற பெயர்களில் பலர் ஆண்டிருக்கிறார்கள். எந்த மன்னன் என்று உறுதியாகாமல் ஆண்டைக் கணக்கிட்டுச் சொல்வது தவறான காலத்தைப் பரப்பும்.

கேள்வி: பெரியபட்டினத்தில் வீட்டுக்கு வானம் தோண்டும்போது பீங்கான் சில்லுகள் கிடைத்தன. கிடைத்த இடத்திலிருந்தே நேரடியாகப் பேசிப் பதிவிட விரும்புகிறோம். செய்யலாமா?
(வாசகர், பெரியபட்டினம்)

உங்கள் ஊர்ச் சில்லுகள் அற்பமானவை அல்ல. இடைக்காலத்தில் சீனத்தோடும் அரபு நாடுகளோடும் வணிகம் நடந்த துறைமுகம் அது. 13, 14-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் சில்லுகள் அங்கே ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. நொபோரு கராஷிமா, எ. சுப்பராயலு போன்ற அறிஞர்கள் அவற்றை ஆராய்ந்திருக்கிறார்கள். அதனால்தான் சரியான இடத்தை ஒலிபரப்ப வேண்டாம் என்கிறோம். எந்தத் தெரு, யார் வீட்டு மனை என்று சொல்லிவிட்டால், அடுத்த வாரமே மண்வெட்டியோடு ஆட்கள் வருவார்கள். ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் செய்ய வேண்டியது கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ எழுத்து மூலம் தெரிவிப்பதுதான். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். சில்லுகளைக் கழுவாதீர்கள், ஒட்டாதீர்கள்; எந்த ஆழத்தில் எதனோடு சேர்ந்து கிடைத்தன என்பதை அன்றே பேசிப் பதிவு செய்து வையுங்கள். ஊர்க்காரர் செய்யும் ஒலிப்பதிவு தொல்லியலுக்கு நேராகப் பயன்படும் இடம் இது: கொத்தனாரும் சித்தாளும் தாங்கள் கண்டதை அன்று மாலையே சொல்லியிருந்தால், பின்னால் வரும் ஆய்வாளருக்கு அதைவிட நல்ல குறிப்பு கிடைக்காது.

கேள்வி: கடல்பாசி எடுக்கும் பெண்களின் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்துள்ளோம். கேமரா வேண்டாம் என்றவர்கள் ஒலிப்பதிவுக்கு மனமுவந்து இசைந்தார்கள். இனி இந்தப் பதிவு யாருக்குச் சொந்தம்?
(தன்னார்வலர்கள், ஏர்வாடி)

சட்டப்படி, ஒலிப்பதிவின் பதிப்புரிமை பொதுவாகப் பதிவைத் தயாரித்தவருக்குரியது. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வெளியான பின் 60 ஆண்டுகள் அது நீடிக்கும். பாடியவருக்கு நிகழ்த்துநர் என்ற முறையில் 50 ஆண்டுகளுக்குத் தனி உரிமை உண்டு. சட்டம் இவ்வளவோடு நின்றுவிடுகிறது. அவர்கள் நம்பிப் பேசியதற்கு நீங்கள் செய்ய வேண்டியது இதைவிட அதிகம்.

மரிக்கொழுந்துப் பாசியை எப்போது எடுப்பது, கஞ்சிப்பாசி எங்கே விளையும், விரலில் சுற்றும் துணியை எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் வேறெங்கும் எழுதப்படாத அறிவு. ஆனால் அந்தப் பேச்சில் தீவுகளின் பெயர்களும் வந்திருக்கக்கூடும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக உள்ளன; அங்கே போவதற்கும் எடுப்பதற்கும் தடை உண்டு. ஒரு பெண் இயல்பாகச் சொன்ன தீவின் பெயர், அவர் குரலோடும் பெயரோடும் பொதுவில் வந்தால் அவருக்கே இடையூறாகலாம். வெளியிடும் முன் பதிவை அவர்களிடம் எடுத்துச் சென்று, ஒன்றாக உட்கார்ந்து முழுவதையும் கேட்கச் செய்யுங்கள். எதை நீக்க வேண்டும், பெயரைச் சொல்லலாமா, பேரப்பிள்ளைகள் காலம்வரை எதை மூடி வைக்க வேண்டும் என்பதை அவர்கள் சொல்லட்டும். இசைவைப் பதிவின் தொடக்கத்திலேயே அவர்கள் குரலில் வாங்குங்கள். எழுதிய தாளும் தமிழில் இருக்கட்டும். பின்னால் மனம் மாறினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் அந்தத் தாளில் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் பதிவின் நகல் ஒன்றைக் கட்டாயம் கொடுங்கள்.

கேள்வி: பதிவுகளை எங்கே வைப்பது, எப்படிப் பரப்புவது?
(பலர்)

மூன்று நகல்கள் வேண்டும். அவற்றில் ஒன்று கடலோரத்துக்கு வெளியே, மதுரையிலோ சென்னையிலோ உள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். புயல் ஓர் ஊரையே எடுத்துச் சென்ற கரையில் வாழ்பவர்களுக்கு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இணையத்தில் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற காப்பகம் பதிவுகளைக் கட்டணமின்றி ஏற்றுக்கொள்கிறது. விக்கிமீடியா பொதுவகம், யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு வருபவற்றை மட்டுமே ஏற்கும். பேசியவர் அந்த அளவுக்கு இசைந்திருந்தால் மட்டும் அங்கே ஏற்றுங்கள்.

ஒவ்வொரு பதிவின் முதல் அரை நிமிடத்தில் நாள், ஊர், வட்டம், பேசுபவர், கேட்பவர் ஆகிய விவரங்களை வாயாலேயே சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறிப்போனாலும் குரல் மாறாது. மாவட்டப் பெயரோடு வட்டத்தையும் சொல்லச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1985-இல் இராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. அதற்கு முந்தைய ஆவணங்களில் ‘இராமநாதபுரம் மாவட்டம்’ என்று மட்டும் இருந்தால், இன்றைய சிவகங்கையோ விருதுநகரோ என்று தேட வேண்டியிருக்கிறது. நாமும் பின்னால் வருபவர்களுக்கு அந்தத் தொல்லையை வைக்க வேண்டாம்.

பரப்புவதற்கு வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. பாம்பனில் மீனவர்களுக்காக 2016 முதல் இயங்கும் ‘கடல் ஓசை’ சமுதாய வானொலி போன்றவற்றையும் அணுகிப் பாருங்கள்; வலை பின்னும்போது வானொலி கேட்பவர்கள் இணையத்தில் தேடிக் கேட்பவர்கள் அல்லர். பகுதி வெளியாகும் நாளில், அதில் பேசியவரின் வீட்டுத் திண்ணையிலோ தெருவிலோ ஒலிபெருக்கி வைத்து முதலில் அங்கே கேட்கச் செய்யுங்கள். “அது அப்படி இல்லப்பா, நான் சொல்றேன் கேளு” என்று யாராவது குறுக்கிடுவார். அவரிடம் அடுத்த நாள் போங்கள்.